அந்த இதழுக்கு நான் இன்னும் வரவில்லை

சாவி என்னிடந்தான் இருக்கிறது, அம்மா. பதற்றப்படாதே. கைப்பையைத் தோளில் ஒழுங்காக மாட்டிக்கொண்டு நேராக நில். இப்படிக் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நிற்பது பார்ப்பதற்கு நன்றாக இல்லை. பேருந்து போய்விடும் என்று அஞ்சவும் வேண்டாம். அதன் நடத்துநர் என்னிடம் ஏழாம் வகுப்பு படித்தவன். நான் கையசைக்கும் வரை விசில் ஊதமாட்டான். அதோ, தேநீர்க் கடையில் நின்று வடை தின்றுகொண்டிருக்கிறான் பார். அப்போதும் அவன் அப்படித்தான்.

சாவியைத் தருகிறேன். தருவதற்கு முன், இந்தச் சுவரில் ஒட்டியிருக்கும் பொது அறிவிப்பைப் படித்துவிட வேண்டும். இங்கே அதுதான் முறை. படித்துவிட்டாயா? இல்லை, இவ்வளவு விரைவாக எவராலும் படிக்க இயலாது. உன் கண்கள் கதவின் மேல் இருந்தன, நான் கவனித்தேன். சரி, நானே சொல்கிறேன். மேலக்கரம்பை பேரூராட்சிக்குச் சொந்தமான இந்தக் கட்டணக் கழிப்பிடம் போதிய பயன்பாடு இன்றி இருப்பதால், இதனை அகற்றிவிட்டு, பொதுமக்கள் தற்படம் எடுத்து மகிழும் வண்ணம் ஒளிரும் எழுத்துகளால் ஆன அலங்கார மேடை அமைக்க உத்தேசித்திருக்கிறார்கள். ஒளிரும் எழுத்து என்றால் புரிகிறதா? 'ஐ லவ் மேலக்கரம்பை.' நடுவில் ஒரு சிவப்பு இதயம். இரவெல்லாம் என் படுக்கையறைச் சன்னலுக்கு நேராக அந்த இதயம் எரியும்.

ஆட்சேபணை உள்ளவர்கள் எழுத்து மூலம் தெரிவிக்கலாமாம். காலக்கெடு இன்று மாலை. நான் ஆட்சேபிக்கக் கூடாது, இதை நடத்தும் குத்தகைதாரர் நான். துப்புரவு செய்யும் பவுனம்மாளும் ஆட்சேபிக்கக் கூடாது. என்னிடம் ஊதியம் பெறுபவள். கழிப்பிடத்தைப் பயன்படுத்திய ஒருவர் எழுதித் தர வேண்டும். "ஒரே ஒருத்தர் கையெழுத்துப் போட்டாக்கூட போதும் டீச்சர், நான் கோப்பைக் கெடப்புல போட்டுர்றேன்" என்று செயல் அலுவலரே சொல்லிவிட்டார். அந்த ஒருவர் இன்றுவரை கிடைக்கவில்லை.

உடனே பேனாவுக்குக் கையை நீட்டாதே. விவரம் அறியாமல் இடும் கையெழுத்தை நான் ஏற்பதில்லை. மாணவர்களின் பெற்றோர் படிக்காமல் கையெழுத்திட்ட மதிப்பெண் அட்டைகளையே திருப்பி அனுப்பியவள் நான். விவரத்தைக் கேள். பிறகு சாவி. பிறகு கையெழுத்து. இந்த வரிசை மாறாது.

என் பெயர் செங்கமலவல்லி. இவ்வூர் அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். இதோ, கழிப்பிடத்தை ஒட்டி நிற்கும் இந்த வீடு என்னுடையது. இந்த மதில் என்னுடையது. இந்தக் கழிப்பிடம் இருக்கும் இடம் முன்பு வெறும் பொட்டல். பேரூராட்சிக்கு உரியது.

இவ்வூரில் பொது அறிவிப்பு என்பது ஒரு காலத்தில் ஆட்டோவில் வந்தது. ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு ஒருவன் தெருத்தெருவாக வருவான். பாதி அறிவிப்பு எங்கள் தெருவில் கேட்கும். மீதி அடுத்த தெருவில் கேட்கும். முழுமையாக அறிய வேண்டுமானால் ஆட்டோவின் பின்னால் ஓட வேண்டும். பிறகு கைப்பேசியில் ஒரு குழு தொடங்கினார்கள். சொத்துவரி உயர்வு பற்றிய அறிவிப்பு ஒன்று அதில் வந்தது. அதற்கு மேலே ரோஜாப்பூவும் காலை வணக்கமும். அதற்குக் கீழே யாரோ ஒருவருடைய கன்றுக்குட்டி. வரி உயர்வுக்குப் பதினேழு பேர் கைகூப்பியிருந்தார்கள். அவர்கள் கன்றுக்குட்டியைப் பார்த்துக் கைகூப்பினார்களா, வரியைப் பார்த்துக் கைகூப்பினார்களா என்று எவ்வாறு அறிவது?

நான் பேரூராட்சி அலுவலகத்திற்குச் சென்றேன். செயல் அலுவலர் இன்பராஜ். இளைஞர். மேசைமேல் எப்போதும் ஒரு கைக்குட்டை வைத்திருப்பார். நான் உள்ளே நுழைந்தால் அதை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொள்வார். மரியாதை. அவரிடம் எழுத்து மூலம் ஒரு மனு அளித்தேன். ஒரு நகரின் அறிவிப்பு அச்சில் வர வேண்டும்; நாளிதழில் வர வேண்டும்; நாளிதழில் மட்டுமே வர வேண்டும்; ஆட்டோவும் கைப்பேசியும் நிறுத்தப்பட வேண்டும். மனுவை அவர் பொறுமையாகப் படித்தார்.

"பேப்பர்ல மட்டும் போட்டாப் போதுமா டீச்சர்? வேற எங்கயும் சொல்ல வேண்டாமா?"

"வேண்டாம்."

"எழுதிக் குடுத்துட்டீங்க. அப்பறம் மாத்த மாட்டீங்களே?"

"நான் எழுதியதை மாற்றுவதில்லை."

அந்தப் பிள்ளையின் முகத்தில் அப்படியொரு நிம்மதியை நான் அதற்கு முன் கண்டதில்லை. நல்ல கருத்தொன்று காதில் விழுந்தால் முகம் மலர்வது இயல்புதானே. எழுந்து வாசல் வரை வந்து என்னை வழியனுப்பினார். அன்றிலிருந்து எல்லா அறிவிப்புகளும் 'வைகறைச் செய்தி' நாளிதழில் வரலாயின. அது நான் வாங்கிய இதழ். மணமான நாள்முதல் வாங்கி வந்தேன்.

நான் மட்டுமே வாங்குகிறேன் என்பதைப் பின்னால்தான் அறிந்தேன். பத்திரிகை முகவர் சிக்கந்தர் ஒருநாள் சொன்னார்: "டீச்சர், முந்தியெல்லாம் கட்டுக் கட்டா வரும். இப்ப ஊருக்கே ஒரு காப்பி. அதும் ஒங்களுக்குத்தான். ஒரு பேப்பரத் தூக்கிட்டு வர்றதுக்கு பஸ்ஸுல சீட்டுப் போட்டு ஒக்கார வச்சுக் கூட்டியாரலாம் போல இருக்கு." மற்றவர்கள் ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்டேன். படிக்க நேரமில்லையாம். நேரமில்லை என்பவர்களுக்கு நான் ஒன்று சொல்வேன்—என்ன, அம்மா? சாவியா? தருகிறேன் என்றேனே. முகத்தைச் சுளிக்காதே. சுளித்த முகம் அப்படியே நின்றுவிடும்.

நான் பத்திரிகை படிக்கும் முறையை நீ அறிந்துகொள்ள வேண்டும். எல்லாம் அதைப் பொறுத்தது. பலர் பத்திரிகையைப் புரட்டுகிறார்கள். புரட்டுவது வேறு, படிப்பது வேறு. நான் முதற்பக்கத்தின் தலைப்பில் தொடங்கி, கடைசிப் பக்கத்தின் அடியில் அச்சகத்தின் முகவரி வரை படிப்பேன். ஒரு வரி விடமாட்டேன். மாவட்டச் செய்தி, நெல் விலை, மணமகள் தேவை, காணாமற்போன பத்திரம், நினைவஞ்சலி, எல்லாம். ஒரு நாளின் இதழை முடிக்காமல் அடுத்த நாளின் இதழைத் தொடமாட்டேன். தொட்டால் அது ஒழுங்கீனம்.

இவ்வாறு படித்தால் ஒரு நாள் இதழுக்கு எனக்கு ஒரு நாளைவிடச் சற்றுக் கூடுதலாகும். இடையில் கண்ணில் புரை அறுவை செய்துகொண்டபோது மருத்துவர் ஒரு மாதம் படிக்கக் கூடாது என்றுவிட்டார். ஆகவே சிறிது பின்தங்கினேன். பெரிதாக ஒன்றுமில்லை. பங்குனி மாத இதழை ஐப்பசியில் படித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

இதனால் சில சிறு இடர்ப்பாடுகள் நேர்ந்தன என்பதை மறுக்கவில்லை. புயல் எச்சரிக்கையைப் படித்துவிட்டு மெழுகுவத்தி, தீப்பெட்டி, பிரெட் எல்லாம் வாங்கி வைத்துக் கதவு சன்னல்களை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வெளியே கத்திரி வெயில். உள்ளே வெந்துபோனேன். எங்கள் பள்ளித் தலைமை எழுத்தரின் மனைவி காலமானார் என்று படித்ததும் உடனே ஆறுதல் கூறச் சென்றேன். அவருடைய புது மனைவி காபி கொடுத்தாள். அந்தக் காபியைக் குடித்துக்கொண்டே நான் கண்ணீர் விட்டேன். அந்த மனிதர் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது என் பிழை அன்று. அவ்வளவு விரைவில் மறுமணம் செய்துகொண்டது யார் பிழை?

இப்படி இருக்கையில் ஒரு நாள் காலை, இந்தப் பொட்டலில் மண் வாரும் எந்திரம் வந்து நின்றது. என்ன கட்டுகிறீர்கள் என்று கேட்டேன். கழிப்பிடம் என்றார்கள். என் மதிலை ஒட்டி. என் பூசையறைக்கு நேர் பின்னால்.

ஈரத் தலையோடு பேரூராட்சி அலுவலகத்திற்குப் போனேன். என்னைக் கண்டதும் இன்பராஜ் கைக்குட்டையை எடுத்தார்.

"ஒரு சொல் அறிவிக்காமல் எப்படிக் கட்டலாம்?"

"அறிவிச்சாச்சே டீச்சர். நீங்க சொன்ன மாதிரியே. 'வைகறைச் செய்தி'ல. ஆட்சேபணைக்கு டயம் குடுத்து, டயம் முடிஞ்சு, தீர்மானமும் போட்டாச்சு. ஊர்ல ஒருத்தர்கூட ஆட்சேபிக்கல."

"அந்த இதழுக்கு நான் இன்னும் வரவில்லை."

அவர் கைக்குட்டையைக் கீழே வைத்தார். "வரலீங்களா? இப்ப எங்க இருக்கீங்க?"

"பங்குனியில் இருக்கிறேன்."

"டீச்சர், இப்ப ஐப்பசி."

"அது உங்கள் நிலை."

நான் நியாயமாக ஒரு கோரிக்கை வைத்தேன். கட்டுமானத்தை நிறுத்தி வையுங்கள். முறைப்படி நான் அந்த இதழை எட்டியதும் படித்து, முறைப்படி ஆட்சேபிக்கிறேன் என்றேன். எழுத்தர் ஒருவர் குனிந்து மேசைக்கு அடியில் எதையோ தேடினார். வெகுநேரம் தேடினார், தோள் குலுங்கியது. இன்பராஜ் மட்டும் மிகப் பணிவாக, "நீங்க அந்த ஒரு பேப்பர மட்டும் முன்னாடியே எடுத்துப் படிச்சிருக்கலாமே டீச்சர்?" என்றார். எந்த இதழில் அறிவிப்பு இருக்கிறது என்று படிக்காமல் எப்படித் தெரியும்? தெரிந்தாலும், நடுவில் இருக்கும் இதழ்கள் என்னாவது?

கழிப்பிடம் எழுந்தது. ஓடு பதித்தார்கள். நாடா வெட்டினார்கள். பூட்டினார்கள்.

ஆம், பூட்டினார்கள். குத்தகைக்கு எடுத்து நடத்த ஆள் வேண்டுமல்லவா? அதற்கு ஏலம் விட வேண்டும். ஏலத்தை அறிவிக்க வேண்டும். எங்கே அறிவித்தார்கள்? 'வைகறைச் செய்தி'யில். ஏலத்தன்று செயல் அலுவலரும் எழுத்தரும் காலையிலிருந்து மாலை வரை உட்கார்ந்திருந்தார்களாம். ஒருவரும் வரவில்லை. மறு ஏலம் அறிவித்தார்கள். வரவில்லை. மறுபடியும் அறிவித்தார்கள். நாங்கள்தான் பத்திரிகையில் போட்டோமே, ஏன் ஒருவரும் வரவில்லை என்று இன்பராஜே என்னிடம் அலுத்துக்கொண்டார். நான் என்ன செய்ய முடியும்? அப்போது வைகாசியில் இருந்தேன்.

இதற்கிடையே என் மதிலின் கதி என்னாயிற்று என்பதைக் கேள். கழிப்பிடம் என்ற பலகையைப் பார்த்துப் பேருந்திலிருந்து இறங்கி வந்தார்கள். வந்தவர்கள் பூட்டைப் பார்த்தார்கள். பூட்டைப் பார்த்தவர்கள் என் மதிலைப் பார்த்தார்கள். வெறும் பொட்டலாக இருந்தபோதுகூட இவ்வளவு பேர் வந்ததில்லை. நான் மாடிச் சன்னலில் பள்ளி மணியோடு அமர்ந்து, யாரேனும் மதிலை நெருங்கினால் அடித்தேன். சிலர் ஓடினார்கள். சிலர் பழைய மாணவர்கள். அவர்கள் மணி ஓசை கேட்டதும் வரிசையாக நின்றார்கள், அவ்வளவுதான்.

அந்த நிலையில்தான் ஒரு நாள் சிக்கந்தர் வெறுங்கையோடு வந்தார். "பேப்பர் நின்னுபோச்சு டீச்சர். நேத்து வந்ததுதான் கடைசி. இனிமே போன்லயே படிச்சிக்கச் சொல்லிட்டாங்க" என்றார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அவருக்குத் தண்ணீர் கொடுத்து அமரச் சொன்னேன். எனக்கும் வருத்தந்தான். எனினும் உன்னிடம் மறைப்பானேன்? உள்ளுக்குள் ஒரு மகிழ்ச்சி. பத்திரிகை நின்றால்தானே நான் அதை எட்டிப் பிடிக்க முடியும்?

பிடித்தேன், அம்மா. ஆனி, ஆடி, ஆவணி என்று ஒவ்வொன்றாகக் கடந்தேன். ஆவணியில் இந்தக் கழிப்பிடம் கட்டுவது பற்றிய அறிவிப்பு வந்தது. வந்ததும் முறைப்படி ஆட்சேபணை எழுதி அஞ்சலில் சேர்த்தேன். கடமை. அப்போது கழிப்பிடத்திற்கு இரண்டாம் முறை வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். இப்படியே படித்துக் கடைசி இதழின் கடைசிப் பக்கத்தை அடைந்தேன். அங்கே என்ன இருந்தது தெரியுமா? நான் சொல்வதைவிட நீயே பார்ப்பது நல்லது. அந்த இதழை உள்ளே அலமாரியில் உறை போட்டு வைத்திருக்கிறேன். எடுத்து வருகிறேன். அசையாமல் நில். பவுனம்மா, இந்தப் பெண்ணைப் பார்த்துக்கொள். பேருந்துக்கு ஓடிவிடப் போகிறாள்.

இதோ வந்துவிட்டேன். மூக்குக்கண்ணாடியைத் தேடியதில் சற்றுத் தாமதமாகிவிட்டது, தலையிலேயே இருந்தது. எங்கே அந்தப் பெண்? பவுனம்மா, எங்கே அவள்? ஓ, இங்கேதான் நிற்கிறாயா. கட்டடத்தின் பின்பக்கம் என்ன வேடிக்கை? அங்கே ஒன்றுமில்லை, துப்புரவுக்காக ஒரு பின் கதவு இருக்கிறது, அதன் சாவி பவுனம்மாளிடம் இருக்கும். கை ஏன் நனைந்திருக்கிறது? பவுனம்மாள் தண்ணீர் கொடுத்தாளா? நல்லவள். வெயிலுக்கு இதமாக முகத்தையும் கழுவிக்கொண்டாய் போலும்.

இப்போது எவ்வளவு அழகாக நிற்கிறாய் பார். தோள் நிமிர்ந்திருக்கிறது. முகத்தில் தெளிவு வந்திருக்கிறது. நான் இதைப் பலரிடம் கண்டிருக்கிறேன். தொடக்கத்தில் நெளிவார்கள், நான் உள்ளே போய் இதழை எடுத்து வருவதற்குள் அமைதி அடைந்துவிடுவார்கள். சொல்லும் செய்தியில் கருத்து ஊன்றிவிட்டால் உடலின் தொல்லைகள் தாமாக அடங்கிவிடுகின்றன. வகுப்பறையில்கூட எனக்கு இவ்வளவு ஊன்றிக் கேட்பவர்கள் வாய்த்ததில்லை.

கடைசிப் பக்கம், வலப்புறம், அடியில். படி. இல்லை, அது மூலநோய்க்கான விளம்பரம். அதற்குக் கீழே. "கட்டணக் கழிப்பிடக் குத்தகை: தகுதியுள்ள ஏலதாரர் கிடைக்கும் வரை ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை ஏலம் நடைபெறும்." இனிமேல் பத்திரிகையே இல்லை என்பதால், வரப்போகும் எல்லா மாதங்களுக்கும் சேர்த்து ஒரே அறிவிப்பாகக் கொடுத்துவிட்டார் இன்பராஜ். சிக்கனமானவர்.

முதல் திங்கட்கிழமை நான் போய் நின்றேன். வேறு எவரும் இல்லை. எழுத்தர் வெற்று நாற்காலிகளைப் பார்த்து, "கேக்குறவங்க கேக்கலாம்" என்றார். நான் கேட்டேன். கேட்ட பிறகு, பொதுச் சொத்துக்கு அந்தத் தொகை மிகவும் குறைவு என்று எனக்குப் பட்டது. ஆகவே என்னை விஞ்சி நானே மறுபடியும் கேட்டேன். அதுவும் போதாது என்று தோன்றியதால் இன்னொரு முறையும் ஏற்றினேன். இன்பராஜ், "டீச்சர், ஒங்களுக்கு எதிரா யாருமே இல்ல. விட்ருங்க" என்று கெஞ்சினார். நான் விடவில்லை. எழுத்தர் மூன்று தரம் சொல்லி முடிக்கும் வரை எனக்கு அச்சந்தான், மீண்டும் நான் ஏற்றிவிடுவேனோ என்று.

எதற்காக எடுத்தேன் என்று கேட்கிறாயா? நல்ல கேள்வி. என்றென்றைக்கும் பூட்டி வைப்பதற்காகத்தான் எடுத்தேன். பூட்டு என் கையில் இருந்தால் பலகையைக் கழற்றிவிடலாம். பலகை இல்லையென்றால் ஆட்கள் வரமாட்டார்கள். ஆட்கள் வராவிட்டால் என் மதில் பிழைக்கும். அன்று கையெழுத்திட்டு வெளியே வரும்போது இன்பராஜ், "தொறந்து வைக்கிறது கட்டாயம் டீச்சர், அதான் நிபந்தனை" என்றார். நிபந்தனை என்றால் நிபந்தனை. மறுநாள் காலையே திறந்துவிட்டேன். திறந்த பிறகு எப்படி நடத்த வேண்டுமோ அப்படி நடத்தினேன்.

மேசை போட்டேன். சாவிகளை என்னிடமே வைத்துக்கொண்டேன். பவுனம்மாளைத் துப்புரவுக்கு அமர்த்தினேன். உள்ளே போய்ப் பார்த்தால் தெரியும், எங்கள் பள்ளியின் அறிவியல் ஆய்வகம்கூட அவ்வளவு தூய்மையாக இருந்ததில்லை. தொடக்கத்தில் கூட்டம் நன்றாகவே வந்தது. வரிசையாக நின்றார்கள்.

அந்த வரிசையைப் பார்த்துவிட்டுத்தான் இன்பராஜ் வந்தார். "டீச்சர், பேப்பரும் போயிருச்சு. ஆட்டோ, வாட்ஸ்அப் எல்லாத்தையும் நீங்களே நிறுத்திட்டீங்க. அறிவிப்ப எங்கதான் ஒட்டுறது? இந்த ஊர்ல ஜனங்க ஒரு எடத்துல நகராம நிக்குறாங்கன்னா அது ஒங்க கக்கூஸ் வாசல்தான்."

"கழிப்பிடம்" என்று திருத்தினேன்.

"கழிப்பிட வாசல்தான் டீச்சர்" என்றார்.

இசைந்தேன். ஆனால் ஒட்டினால் போதுமா? படித்தார்களா என்று பார்க்க வேண்டாமா? படித்தவருக்கே சாவி என்று விதி செய்தேன். படித்த பின் ஓரிரு வினா கேட்பேன், புரிந்ததா என்று அறிய. குடிநீர்க் கட்டண அறிவிப்பின் சாரத்தைச் சொல்லச் சொன்னபோது ஒருவர் அழுதேவிட்டார். கட்டணத்தை நினைத்து அழுதிருக்க வேண்டும். இவ்வூர் மக்களுக்கு இவ்வளவு பொதுநல உணர்ச்சி இருக்கிறதே என்று நான் நெகிழ்ந்துபோனேன்.

ஆனால் விந்தையைப் பார். அதன் பிறகு சாவி வாங்குவோர் தொகை குறைந்துகொண்டே வந்தது. வருகிறார்கள், நிற்கிறார்கள், நான் சொல்வதைக் கேட்கிறார்கள். இடையில் நான் இதழையோ கண்ணாடியையோ எடுக்க உள்ளே போய் வருகிறேன். வந்து சாவியை நீட்டினால், "வேண்டாங்க டீச்சர்" என்று கும்பிட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். முகத்தில் எவ்வளவு நிறைவு, தெரியுமா. செய்தியே போதுமென்று ஆகிவிடுகிறது போலும். ஆனால் சாவி வாங்காதவரைப் பயனாளி என்று நான் எப்படிப் பதிவது? மாதந்தோறும் பேரூராட்சிக்குக் கணக்கு அனுப்ப வேண்டும். சென்ற மாதம் ஒருவரும் இல்லை. ஒருவரும் இல்லை என்றே எழுதினேன். அதைப் பார்த்துத்தான் போதிய பயன்பாடு இல்லை என்று இந்த அறிவிப்பை ஒட்டிவிட்டார்கள். என் கணக்கை வைத்தே என்னை வெளியேற்றப் பார்க்கிறார்கள்.

அதைவிட விந்தை தண்ணீர்த் தொட்டி. பயனாளி ஒருவரும் இல்லை. தொட்டியோ நாள்தோறும் காலியாகிறது. கசிவு என்று நினைத்துக் குழாய்க்காரரை அழைத்தேன். அவர் கட்டடத்தைச் சுற்றிப் பார்த்தார். பின்பக்கம் போனார். பவுனம்மாளோடு ஏதோ பேசினார். திரும்பி வந்து, "கசிவெல்லாம் ஒண்ணுமில்ல டீச்சர், வெயில்ல ஆவியாப் போவுது" என்றார். மூடியிட்ட தொட்டி. எனக்கு அறிவியல் அவ்வளவாக வராது, கூலியைக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

பவுனம்மா, ஏன் சிரிக்கிறாய்? ஒன்றுமில்லையா? சரி.

இவ்வளவுதான், அம்மா, விவரம். கட்டக் கூடாது என்று போராடியவளும் நான். இடிக்கக் கூடாது என்று போராடுகிறவளும் நான். இதில் முரண்பாடு இருப்பதாக இன்பராஜ் சொல்கிறார். எனக்குத் தெரியவில்லை. ஒரு பொருள் வருமுன் அறிவிக்க வேண்டும். போகுமுன்னும் அறிவிக்க வேண்டும். நடுவில் அது யாருடையது என்பதுதான் கேள்வி. அந்த ஒளிரும் இதயம் வந்தால் இங்கே வருகிறவர்கள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். இப்போது எல்லோரும் என் முகத்தைப் பார்த்து நிற்கிறார்கள். இதைச் சொல்லி ஆட்சேபிக்க முடியாது என்பதை நான் அறிவேன்.

என்ன? கையெழுத்திடுகிறாயா? உனக்கு நல்ல மனம். ஆனால் நீ இன்னும் சாவி வாங்கவில்லையே. பயனாளிதான் ஆட்சேபிக்கலாம். பயன்படுத்தாத ஒருவரைப் பயன்படுத்தியவர் என்று எழுத மாட்டேன். இடித்தால் இடிக்கட்டும். பொய்க் கணக்கு எழுத மாட்டேன். நீ பேருந்துக்குப் போ. நடத்துநர் இரண்டாவது வடையையும் முடித்துவிட்டான்.

ஏன் நிற்கிறாய்? பவுனம்மா, நீ ஏன் அவளுக்குக் கண்ணைக் காட்டுகிறாய்? "டீச்சரம்மாக்கிட்ட சாவிய வாங்கி ஒருக்கா உள்ள போயிட்டு வந்துரு தங்கச்சி, புண்ணியமாப் போவும்" என்றா சொல்கிறாய்? அவளுக்குத் தேவையில்லை என்றால் நீ ஏன் வற்புறுத்துகிறாய்? தேவை என்பது அவரவர்—

என்ன, அம்மா? சாவி வேண்டுமா? உண்மையாகவா? எனக்காகச் சொல்லவில்லையே?

பவுனம்மா, அந்த முதல் சாவியைத் துடைத்துக் கொடு. இல்லை, நானே தருகிறேன். இந்தா. பிடி. இடப்பக்கம் முதல் கதவு. தாழ் சற்று இறுக்கமாக இருக்கும். உபயோகமே இல்லாமல் இருந்தது. சோப்பு மாடத்தில் இருக்கிறது. தண்ணீர் நிறைய இருக்கிறதா பவுனம்மா? இருக்கிறதாம். நீ வந்ததும் ஆட்சேபணையை நான் சொல்லச் சொல்ல எழுதலாம், ஒரு பக்கம்தான். தம்பி, விசிலைக் கீழே போடு. ஒரு பயணி உள்ளே போகிறாள், தெரியவில்லையா? ஐந்து நிமிடம் தாமதமானால் உன் பேருந்து கரைந்துவிடாது.

போ, அம்மா. நிதானமாகப் போய் வா. அவசரமே வேண்டாம். பாவம், இவ்வளவு நேரம் எப்படித்தான் அடக்கிக்கொண்டு நின்றாயோ. வாய் திறந்து ஒரு சொல் சொல்லியிருந்தால் வந்த உடனேயே சாவியைக் கொடுத்திருப்பேனே.